அந்தரத்தில் முறுக்கிய போல்ட்டு

"என்னால முடியலீங்க தாயி," என்றான் சென்னியப்பன்.

பாவாயி கிணற்றடியில் உட்கார்ந்து வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எது முடியலீங்கண்ணா?"

"எல்லாமுந்தான்."

"எல்லாமுன்னா எனக்கு எப்படிப் புரியும்? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

சென்னியப்பன் சொன்னான்.

அவனுக்குப் பைபாஸ் ஓரத்தில் சொந்தமாக ஒரு கார் ஒர்க்‌ஷாப். வீட்டில் மனைவி தெய்வாத்தாள், மகன் பூபதி. பூபதிக்கு உடம்பு வளர்ந்து ஆளாகிவிட்டது. புத்தி மட்டும் நடை பழகிய வயதிலேயே நின்றுபோனது. வலிப்பு வரும். வந்தால் தலை தரையில் மோதாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வலிப்பு இல்லாத நாளில் கத்துவான். எதற்கென்று அவனுக்கும் தெரியாது.

"அவன் கத்தி ஓஞ்சதும் தூங்கிடறானுங்க. எனக்குள்ளதான் ஓய மாட்டேங்குது. ஒர்க்‌ஷாப்புக்குப் போயி ஸ்பேனரை எடுத்தாலும் அது கேட்டுக்கிட்டே இருக்குது. ரோட்டுல எவனாச்சும் ஹாரன் அடிச்சா, அவனை அடிக்கலாம்னு கை போகுதுங்க."

"அடிச்சீங்களா?"

"ரோட்டுல போறவனை இல்லீங்க."

வெண்டைக்காய் அரியும் சத்தம் நின்றது.

"பையனை அடிச்சிட்டனுங்க தாயி. ஏன் அடிக்கறேன்னு அவனுக்குப் புரியலை. என்னைப் பார்த்துச் சிரிச்சான்."

பாவாயி அடுத்த வெண்டைக்காயை எடுத்தாள். மறுபடியும் அரிய ஆரம்பித்தாள்.

பையனை அடித்த மறுநாள்தான் அவன் மடத்துக்கு வந்தது. நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று தெய்வாத்தாளிடம் சொல்லிவிட்டு ஆடியில் கிளம்பி வந்தவன். இப்போது புரட்டாசி பிறந்துவிட்டது.

"இங்க வந்தப்பறம்தான் மனுசனா இருக்கறனுங்க. அந்தச் சத்தம் கேக்கறதில்லை. சோறு இறங்குது. இனிமே இங்கயே இருந்துக்கறேன். எனக்குக் காவி குடுங்க."

மடம் என்றதும் கோபுரம், யானை, தங்கப் பல்லக்கு என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொல்லிமலை அடிவாரத்தில் ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு பழைய வெள்ளைக் கார். அவ்வளவுதான் மடம். முன்பிருந்த சாமி போன பிறகு கார் ஓட்டத் தெரிந்தவள் பாவாயி ஒருத்திதான். கார்ச் சாவி அவள் கையில் இருந்ததால் மடமும் அவள் கைக்கு வந்தது என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை. சென்னியப்பனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். காவி கட்டியதிலிருந்து எல்லோருக்கும் தாயி.

சுற்றுப்பட்டு ஊர்களில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் மடத்துக்குத்தான் போன் வரும். அவள் காரை எடுத்துக்கொண்டு போவாள். தியானம், உபதேசம் எல்லாம் அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில். பெரும்பாலும் மிச்சமிருக்காது.

அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டுப் பாவாயி எழுந்தாள். எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். புங்க மரத்தடியில் நின்ற காரிடம் போனாள். பானட்டின் மூலையில் இரண்டு கையையும் வைத்து ஓர் அமுக்கு அமுக்கி விட்டாள்.

கார் இறங்கியது. ஏறியது. இறங்கியது. ஏறியது.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கார் நிற்பதாக இல்லை.

"இதுக்கு என்ன சீக்குங்கண்ணா?"

சென்னியப்பன் குனிந்து சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தான். அவன் முகம் மாறியது. பல நாள் கழித்து ஊர்க்காரனைக் கண்ட முகம்.

"ஷாக் அப்சர்பர் நாலும் போயிருச்சுங்க. முன்னாடி இருக்கறதை ஸ்ட்ரட்டுன்னு சொல்லுவோம். அதுல எண்ணெய் ஒழுகியே காஞ்சு போயிருக்குது பாருங்க. டயரும் திட்டுத்திட்டாத் தேஞ்சிருக்குது. இதுலயா சீக்காளிகளை ஏத்திக்கிட்டுப் போறீங்க?"

"வேற எதுல ஏத்தறது?"

அவன் தேய்ந்த டயரைத் தடவிப் பார்த்தான்.

"இதை மாத்திக் குடுங்க," என்றாள் பாவாயி. "காவியைப் பத்தி அப்பறம் பேசலாம்."

சென்னியப்பனுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். குரு சோதனை வைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டான். தண்ணீர் இறைக்கச் சொல்வார்கள், விறகு பிளக்கச் சொல்வார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறான். தனக்குக் கைவந்த வேலையையே சோதனையாகக் கொடுத்துவிட்டாரே என்று பூரித்துப்போனான்.

பாவாயிக்கு அப்படி ஏதும் யோசனை இருந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு இடுப்பு வலி.

*

பஸ்ஸில் டவுனுக்குப் போய்ச் சாமான்களைச் சாக்கில் கட்டித் தூக்கிவந்தான். சொந்த ஒர்க்‌ஷாப் பக்கம் போகாமல், பழைய சிநேகிதன் ஒருவனிடம் கருவிகளை இரவல் வாங்கினான். மறுநாள் காலையிலேயே ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினான்.

பாவாயி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்குப் போன் எதுவும் வரவில்லை. அது அவளுக்கு வாய்த்த ஓய்வு. அதை ஒரு ரிப்பேர் வேலையைப் பார்த்துக் கழித்தாள்.

முன்பக்கத்து ஸ்ட்ரட்டைக் கழற்றி எடுத்துத் தரையில் கிடத்தினான். மேலே கெட்டியான ஸ்பிரிங் சுற்றியிருந்தது.

"தள்ளி உக்காருங்க தாயி. இந்த ஸ்பிரிங்கைக் கட்டி அடக்கித்தான் பிரிக்கோணும். கை தவறினா ஆளையே அடிச்சிரும்."

அவள் வாளியோடு நகர்ந்துகொண்டாள்.

"கனத்தைத் தாங்கறது இந்த ஸ்பிரிங்குதானுங்களா?"

"ஆமாங்க. வண்டியோட கனம் மொத்தமும் இது மேலதான்."

"அப்ப இந்தக் குழா எதுக்கு?"

"ஸ்பிரிங்குக்கு நிறுத்தத் தெரியாதுங்க. ஒருக்கா அமுக்கி விட்டாக் குதிச்சுக்கிட்டே கிடக்கும். குழாய்க்குள்ள எண்ணெய் இருக்குது. அது பிடிச்சு அமர்த்தும்."

"புதுசு போட்டாக் குழி தெரியாதுங்களா?"

"குழி தெரியுமுங்க. குழியைத் தாண்டினப்பறம் தெரியாது."

பாவாயி இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"என் இடுப்புக்கு ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டுப் பாத்திருக்கலாம் நீங்க," என்றாள்.

சென்னியப்பன் சிரித்தான். மடத்துக்கு வந்த பிறகு அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்தான். புதியதன் தண்டை அவளை அமுக்கிப் பார்க்கச் சொன்னான். அது முரண்டு பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கியது. கையை எடுத்ததும் மெல்ல ஏறியது. பழையதைத் தொட்டாள். தொபுக்கென்று உள்ளே போய்விட்டது. போனது போனதுதான். வெளியே வரவில்லை.

அவள் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இது ஏன் இப்படி ஆச்சுங்க?"

"ஓடுனதுதானுங்க."

"நான் கன்னாபின்னான்னு ஓட்டுனதாலயா?"

"இல்லீங்க. எப்படி ஓட்டுனாலும் இப்படித்தான் ஆகும். ஓட்டுனதே போதும்."

"அது மேல தப்பு இல்லைங்கறீங்க."

"தேஞ்சுபோன இரும்பு மேல என்னங்க தப்பு?"

பாவாயி அதைக் கீழே வைத்தாள். வைத்தபோது சத்தம் வராமல் வைத்தாள்.

சென்னியப்பன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டான். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததுதான்.

"தாயி, உங்களுக்குச் சலிப்பு வராதுங்களா?"

"தினம் காலையில எந்திரிச்சதும் வருமுங்க."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பல்லு விளக்குவேன். அதுக்குள்ள யாராச்சும் போன் பண்ணி வண்டி இருக்குதான்னு கேப்பாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, சாவியைத் தேடுவேன்."

அவன் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. பாவாயி வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் இறைக்கப் போய்விட்டாள்.

*

வேலை பிற்பகல் வரை இழுத்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, எல்லாம் ஏற்றியாகிவிட்டது. இரும்பும் இரும்பும் உரசாமலிருக்க நடுவில் ரப்பர் வளையங்கள் இருக்கும். புஷ் என்பார்கள். பழையவை ஏற்கெனவே வெடித்துப் போயிருந்ததால் அவற்றையும் புதிதாகப் போட்டான்.

மிச்சமிருந்தது கடைசி முறுக்கு மட்டும்தான்.

அதில் ஒரு முறை உண்டு. ரப்பர் வளையம் இருக்கும் இடத்துப் போல்ட்டை, கார் தூக்கி நிற்கும்போது லேசாகத்தான் பிடித்துவைக்க வேண்டும். காரை இறக்கி, சக்கரங்களில் கனம் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கி முறுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் இதைச் சொல்லிச் சென்னியப்பன் ஆட்களைத் திட்டாத நாள் கிடையாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

ஆனால் காரை இறக்கினால் அடியில் இடம் இருக்காது. மண்ணில் மல்லாக்கப் படுத்து நகர்ந்து நகர்ந்து போக வேண்டும். அவனுக்குத் தோள் இரண்டும் கழன்றுவிட்டன. மலைப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கார் இப்போது உயரத்தில் நிற்கிறது. எல்லாம் கைக்கு எட்டுகிறது. போல்ட்டுகள் கண்ணுக்கு நேராக இருக்கின்றன. இதை முடித்துவிட்டால் சோதனை முடிந்தது. காவி கிடைத்துவிடும்.

அப்படியே முறுக்கிவிட்டான்.

இறுக்கமாக, அழகாகத்தான் பிடித்தது. ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு காரை இறக்கினான்.

பாவாயி வந்து பானட்டின் மூலையை அமுக்கினாள். கார் ஒரு தடவை இறங்கி, ஏறி, நின்றது. அவள் இன்னொரு தடவை அமுக்கினாள், நம்பாதவள்போல. இறங்கி, ஏறி, நின்றது.

"அட," என்றாள்.

"தாயி, காவி..."

"பௌர்ணமி வரட்டுங்கண்ணா. அதுவரைக்கும் வண்டி ஓடட்டும்."

*

கார் ஓடியது. பாவாயி போன் வரும்போதெல்லாம் போனாள், வந்தாள். பிரசவத்துக்கு ஒருத்தியை ஏற்றிப்போனாள். பனையிலிருந்து விழுந்த ஒருவரைப் பின்சீட்டில் படுக்க வைத்துப் போனாள். மலையடிவாரத்து ரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சென்னியப்பன் புங்க மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்தான். இப்போதெல்லாம் உட்கார்ந்ததும் மனம் அமர்ந்தது. சோற்றில் கல் கடித்தால் முகம் சுளிக்காமல் எடுத்து ஓரமாக வைத்தான். தலையில் காக்கை எச்சமிட்டபோதுகூடக் கோபம் வரவில்லை. போய்க் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தான்.

நாம் தேறிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தான். அதை நினைக்கச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டை நினைக்கவில்லையா என்றால், நினைத்தான். தூரத்தில் தெரியும் மலையைப் பார்ப்பதுபோல நினைத்தான். அங்கே தெய்வாத்தாள் இருக்கிறாள், பூபதி இருக்கிறான், இருக்கட்டும். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்றுகூட ஒருநாள் தோன்றியது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் மதியம். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவனுக்கு ரோட்டிலிருந்தே அந்தச் சத்தம் கேட்டது. கீச்சு கீச்சென்று ஒரு கத்தல். இடையிடையே டொக் டொக்.

கார் மடத்துக்குள் வந்து நின்றது. பாவாயி இறங்கினாள். முகம் கறுத்துச் சோர்ந்திருந்தது.

"என்னன்னு பாருங்கண்ணா. காலையில போகும்போதே கத்துச்சு. வரும்போது தாங்கலை."

சென்னியப்பன் மண்ணில் படுத்து அடியில் பார்த்தான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

"ஷாக்கு போயிருச்சுங்களா?" என்றாள்.

"இல்லீங்க. ஷாக்கு நல்லாத்தான் இருக்குது. ரப்பர் கிழிஞ்சு போச்சு."

"புது ரப்பராச்சே."

அவன் தவழ்ந்து வெளியே வந்தான். எழுந்து நிற்கவில்லை. சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"என் தப்புங்க. அந்தரத்துல வெச்சு முறுக்கிட்டனுங்க."

"அப்படின்னா?"

"வண்டியைத் தூக்கி வெச்சா சக்கரம் கீழ தொங்கும். அப்ப முறுக்கினா, ரப்பர் அந்த நிலையிலயே பிடிச்சு நின்னுக்கும். கீழ இறக்கினதும் கனம் வருது. சக்கரம் மேல ஏறுது. ரப்பர் திரும்ப முடியாம முறுக்கிக்கும். அப்பறம் அது சும்மா நிக்கும்போதுகூட முறுக்கிக்கிட்டேதான் நிக்கும். ஓடினாக் கிழிஞ்சிரும்."

"நீங்க இறக்குனப்ப நான் அமுக்கிப் பாத்தனே. நல்லாத்தான இருந்துச்சு."

"பாக்கறதுக்குத் தெரியாதுங்க."

"பின்ன எப்ப முறுக்கோணும்?"

"சக்கரம் தரையில நின்னப்பறம். கனம் மொத்தமும் இறங்கினப்பறம்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா?"

"அசந்துபோச்சுங்க தாயி. தூக்கி வெச்சிருந்தப்ப எல்லாம் சுலபமா இருந்துச்சு."

பாவாயி தலையாட்டினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஜாக்கியை எடுக்கலாம் என்று அவன் பின்கதவைத் திறந்தான். சீட்டுக்கு அடியில் கையை விட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

சீட் பெல்ட்டின் ஓரம் நைந்து, நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை.

பூபதிக்குப் பயம் வந்தால் கையில் கிடைத்ததைக் கடைவாயில் வைத்து மெல்லுவான். சட்டை நுனி, கயிறு, பெல்ட்டு. சென்னியப்பன் வீட்டில் ஒரு துண்டுக்கும் முழு ஓரம் கிடையாது.

அவன் அந்த ஈரத்தை விரலால் தொட்டான்.

"பூபதியா தாயி?"

"ஆமாங்கண்ணா."

"என்ன ஆச்சு?"

"விடிகாலையில வலிப்பு. நிக்கலையாம். ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க, அப்பறம் நின்னுச்சு. இப்பத் தேவலை. ஊட்டுல விட்டுட்டுத்தான் வர்றேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேங்க."

"நீங்க கண்ணை மூடி உக்காந்திருந்தீங்க."

புங்க மரத்திலிருந்து ஒரு சருகு காரின் மேல் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"தெய்வாத்தா என்னைக் கேட்டாளுங்களா?"

பாவாயி அந்தச் சருகை எடுத்துக் கீழே போட்டாள். கேட்டாள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

"இல்லீங்கண்ணா. வண்டி இருக்குதான்னுதான் கேட்டாங்க."

சென்னியப்பன் பெல்ட்டின் பிரிந்த நூல்களைச் சேர்த்துப் பிடித்தான். அழுகை வருமென்று நினைத்தான். வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"வேற ஏதாச்சும் சொன்னாளா?"

"பேசவே இல்லை. போகும்போது பையன் தலையை மடியில வெச்சுப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. திரும்பறப்பவும் அப்படியேதான். கொஞ்ச தூரத்துல கண்ணாடியில பாத்தேன். உக்காந்த மேனிக்குத் தூங்கிட்டாங்க. வாய் திறந்திருந்துச்சு. பையனும் தூங்கிட்டான்."

"ம்."

"ஊடு வந்துருச்சு. வண்டியை நிறுத்திட்டேன். எழுப்பத்தான் மனசு வரலை. மறுபடி எடுத்துக்கிட்டு ஏரியை ஒரு சுத்து சுத்தினேன். அப்பவும் எந்திரிக்கலை. இன்னும் ஒரு சுத்து. அந்த ஏரி ரோட்டுலதான் ரப்பர் மொத்தமாக் கிழிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன். அப்படிக் கத்துச்சு."

"அந்தச் சத்தத்துலயுமா தூங்குனா?"

"அந்தச் சத்தத்துலயுந்தான்."

இப்போது அழுகை வந்தது. சென்னியப்பன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். பாவாயி சமாதானம் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். அவளும் விடிகாலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

*

மறுநாள் காலையில் புது ரப்பர் வளையங்கள் வந்தன. அவனே போய் வாங்கி வந்தான்.

காரைத் தூக்கி, கிழிந்ததைக் கழற்றி, புதியதைச் சொருகினான். போல்ட்டுகளை லேசாகப் பிடித்துவைத்தான். சக்கரங்களை மாட்டினான். மடத்தில் கிடந்த பலகைகளை எல்லாம் இழுத்து வந்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் அடுக்கி, அவற்றின் மேல் காரை இறக்கினான். கார் தன் கனத்தில் தானே உட்கார்ந்தது. முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்து அடங்கியது.

பிறகு ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மல்லாக்கப் படுத்து அடியில் நகர்ந்தான்.

பாவாயிக்கு அவன் கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

"நெருக்கமா இருக்குதுங்களா?"

"மூச்சு விடலாமுங்க."

"தூக்கி வெச்சே பண்ணலாமே. சுலபமா இருக்குமே."

"சுலபந்தானுங்க."

ஸ்பேனர் திரும்பும் சத்தம் கேட்டது. நின்றது. அவன் இளைப்பாறினான். மறுபடி கேட்டது. ஒரு தடவை கை வழுக்கி எங்கோ இடித்துக்கொண்டான். அம்மா என்றான். பிறகு மறுபடி ஸ்பேனர்.

பாவாயி உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் மடித்த காவித் துணி இருந்தது. துவைத்துக் காயவைத்த துணி. அதைப் பானட்டின் மேல் வைத்தாள்.

சென்னியப்பன் வெளியே வர நேரமானது. வந்தவன் முகமெல்லாம் மண். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. நிமிர்ந்து நிற்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஓட்டிப் பாத்துரலாமுங்களா?" என்றாள் பாவாயி.

"பாக்கலாமுங்க."

"இன்னைக்குப் பௌர்ணமி. நீங்க கேட்டது இருக்குது."

அவன் துணியைப் பார்த்தான். தொடவில்லை. கையெல்லாம் கிரீஸ்.

"சாவியைக் குடுங்க தாயி."

இடுப்பில் செருகியிருந்த சாவியை அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"நான் படுத்திருந்த அறையில என் பாய் கிடக்குதுங்க."

"ஆமா."

"அதைக் கொஞ்சம் தட்டிப் போட்டு வையுங்க. பொழுது சாயறதுக்குள்ள தெய்வாத்தாளைக் கூட்டியாந்து விட்டுடறேன். நானும் பூபதியும் ஊட்டுல இருந்துக்கறோம்."

"பையன் கத்துவானுங்கண்ணா."

"கத்துவானுங்க."

"எத்தனை நாளைக்கு அவங்க இங்க இருப்பாங்க?"

சென்னியப்பன் காரில் ஏறி உட்கார்ந்தான். கார் ஒரு தடவை இறங்கி நின்றது.

"தெரியலீங்க தாயி. அவளா எந்திரிக்கற வரைக்கும் எழுப்ப வேண்டாமுங்க."